பதமும் அளவும்: நெய்வேலியின் நாலு மணிப் பலகாரம் குறித்துச் சில குறிப்புகள்

1

'பாரம்பரிய மாலைத் தேநீர்' என்கிறார்கள். 'அதற்கேற்ற எளிய வீட்டு இனிப்புகள்' என்கிறார்கள். பெண்கள் பத்திரிகைகளின் இணைப்பு நூல்கள் தொடங்கி நட்சத்திர ஓட்டல் விளம்பரங்கள்வரை இந்தச் சொற்கள் கைகோர்த்தே வருகின்றன. கேட்டதும் ஒரு சித்திரம் எழும்: வெயில் தாழ்ந்த நேரம், கூடத்தில் நாற்காலி, ஆவி பறக்கும் டம்ளர், தட்டில் நாலு உருண்டை, அம்மாவின் கைமணம். இந்தச் சித்திரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நின்றுகொண்டிருக்கிறார்கள், யார் கதவுக்கு வெளியே இருக்கிறார்கள் என்று பார்ப்பதே இந்தக் குறிப்புகளின் வேலை.

பலகாரத்தைப் பற்றியெல்லாம் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அரசு, மூலதனம், சாதி, ஆணாதிக்கம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இவை நான்கும் நாம் வாயில் போடுகிற உருண்டைக்குள் எப்படி வந்து உட்கார்ந்தன என்று மட்டும் கேட்பதில்லை. சோறு பற்றிக்கூடப் பேசிவிடுகிறோம். ஏனென்றால் பசி அரசியல் ஆகிவிட்டது. தின்பண்டம் இன்னும் 'பொம்பளைங்க சமாச்சாரம்' ஆகவே கிடக்கிறது. எதை அற்பம் என்று ஒதுக்குகிறோமோ அங்கேதான் அதிகாரம் சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

நெய்வேலியை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. மற்ற ஊர்களில் 'மரபு' எப்போது தொடங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் அது ஆதியிலிருந்தே இருந்ததாகச் சாதித்துவிடலாம். நெய்வேலி நகரியத்தில் அது முடியாது. இங்கே ஊருக்கே பிறந்த தேதி இருக்கிறது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது 1956 நவம்பர் 14. நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது 1957 மே 20. வட்டம் வட்டமாக எண்ணிட்டுக் குடியிருப்புகள் எழுந்தது அதற்குப் பிறகு. ஆக, இங்கே ஒரு வீட்டில் நாலு மணிக்கு டீயும் பலகாரமும் 'பரம்பரையாக' நடக்கிறது என்றால் அந்தப் பரம்பரை மிஞ்சிப் போனால் மூன்று தலைமுறை. மரபுகள் கண்டுபிடிக்கப்படுகின்றன என்று எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். அரச ஊர்வலங்களையும் தேசியச் சடங்குகளையும் வைத்து அவர்கள் காட்டியதை நாம் ஒரு தட்டுப் பலகாரத்தை வைத்துப் பார்க்கலாம்.

2

முதலில் தட்டில் இருப்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

மல்லாட்டை உருண்டை. கடலூர், விழுப்புரம் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். மணிலாக் கொட்டை என்பது மருவி மல்லாட்டை ஆனது. பெயரே பிலிப்பைன்ஸைச் சொல்கிறது; பயிரின் தாய்நிலம் தென் அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுச் செம்மண் மேடுகளில் இது பரவியது உருண்டை பிடிப்பதற்காக அல்ல. புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் போவதற்காக. ஐரோப்பியர் அழுக்கு போக்கப் போன கொட்டையில் மிஞ்சியதுதான் நம் 'மண்ணின் பண்டம்'.

முந்திரி. பண்ருட்டி, நெய்வேலி வட்டாரம் முழுக்க முந்திரிக்காடு. பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மரம். கேசரியின் தலையில் பொன்னாக வறுத்துப் போடுகிற பருப்பு. அதன் தோட்டை உடைக்கும் பெண்களின் விரல்களை அரித்துக் கறுப்பாக்கும் எண்ணெயும் அதே கொட்டைக்குள்தான் இருக்கிறது.

சர்க்கரை. நெய்வேலியிலிருந்து அதிக தூரமில்லாத நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் 1840களிலேயே சர்க்கரைத் தொழிலைத் தொடங்கிவிட்டது. 'பாரி மிட்டாய்' அதே ஊர்க்காரர்தான். அதே காலத்தில் இன்னொரு கரும்பும் உண்டு. பிரிட்டிஷ் காலனித் தோட்டங்களில் அடிமை முறை 1830களில் சட்டப்படி முடிந்ததும் அந்த இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் போனார்கள். மொரீஷியசுக்கு 1834 முதல், நேட்டாலுக்கு 1860 முதல். வடார்க்காடு, தென்னார்க்காட்டுக் குடும்பங்கள் அதில் ஏராளம். உலகம் தித்திக்க நம் ஊரிலிருந்து ஆள் போயிற்று.

ரவை. கோதுமை நம் கொல்லையில் விளையவில்லை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. 1943இல் சென்னையில் ரேஷன் வந்தது. அரிசி தின்னும் ஊருக்கு அரசாங்கம் கோதுமையைப் பழக்கியது. 1956இல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் கையெழுத்தாகிக் கோதுமைக் கப்பல்கள் வரத் தொடங்கின. அவசரத்துக்குக் கிண்டுகிற கேசரி நம் சமையலறைகளில் அன்றாடமாகிப் போனதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

தேயிலையைப் பற்றிப் பிறகு.

இதனால் இவை 'நம்முடையவை அல்ல' என்று சொல்ல வரவில்லை. தூய்மைவாதம் நமக்கு எந்தத் திசையிலும் வேண்டாம். வந்தேறிப் பண்டங்களைத் தன்வயமாக்கி அவற்றுக்கு மல்லாட்டை என்று பெயரிட்ட மக்களின் நாக்குக்கு இருக்கிற படைப்பாற்றல் சாதாரணமானதல்ல. சொல்ல வருவது வேறு: 'பாரம்பரியம்' என்கிற சொல் இந்தக் கப்பல் தடங்களையும் கூலித் தடங்களையும் அழித்துவிட்டு வெறும் மணத்தை மட்டும் மிச்சம் வைக்கிறது.

3

பண்டங்கள் எங்கிருந்து வந்தன என்பதைவிட முக்கியம் அவை எந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தன என்பது. இந்தப் பக்கத்துப் புஞ்சைக்காட்டு ஊர்களின் அன்றாட உணவு கேவுரும் கம்பும். மத்தியான வெயிலில் களத்திலிருந்து வந்தவருக்குக் கூழ் இருக்கும், நீராகாரம் இருக்கும். இனிப்பு என்பது நாளோடு கட்டப்பட்டது. கார்த்திகைக்குப் பொரி உருண்டை, பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, தீபாவளிக்கு அதிரசம், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல். பெண் பூப்பெய்தினால், வளைகாப்பு வந்தால் அதற்கென்று உருண்டைகள். இனிப்பின் கடிகாரம் பஞ்சாங்கம். தினமும் ஒரு மணி அடித்தால் ஒரு இனிப்பு என்கிற ஏற்பாடு கிராமத்துக்குத் தெரியாது.

நாள்காட்டியிலிருந்து கடிகாரத்துக்கு இனிப்பு இடம்பெயர்ந்த கதைதான் மாலைத் தேநீரின் கதை. இதை இங்கிலாந்திலேயே பார்க்கலாம். 1840களில் பெட்ஃபோர்டு சீமாட்டி ஒருத்தி, மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரி விருந்துக்கும் இடையில் வயிறு சோர்ந்துபோவதால் டீயும் ரொட்டியும் கொண்டுவரச் சொன்னாள். அதுவே மேட்டுக்குடிச் சடங்காயிற்று என்பது அங்கே சொல்லப்படும் தோற்றக் கதை. சிட்னி மின்ட்ஸ் 1985இல் எழுதிய 'இனிப்பும் அதிகாரமும்' நூல் அதே டீக்குப் பின்னால் வேறொன்றைக் காட்டுகிறது. ஆலைத் தொழிலாளி வீட்டில் பெண்ணும் வேலைக்குப் போகிறாள், சமைக்க நேரமில்லை, விறகில்லை. சர்க்கரை போட்ட சூடான டீ, ஜாம் தடவிய ரொட்டி. ஆறிப்போன சாப்பாட்டைச் சூடான சாப்பாடு போலத் தோன்றவைக்கும் வித்தை. குறைந்த காசில் தெம்பு. குறைந்த நேரத்தில் வேலைக்குத் திரும்பும் உடல். சீமாட்டியின் டீயும் தொழிலாளியின் டீயும் ஒரே கெட்டிலில் கொதித்தாலும் ஒரே சரித்திரம் கொண்டவை அல்ல.

நம் ஊருக்கு டீ தானாக வரவில்லை. தேயிலை மீது 1903இல் விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து விளம்பர நிதி திரட்டப்பட்டது. 1929க்குப் பிந்தைய மந்தத்தில் வெளிநாட்டுச் சந்தை சுருங்கியதும் தோட்டத் துரைகளின் கண் உள்நாட்டு வாய்கள் மீது விழுந்தது. 1930களில் பிரச்சார வண்டிகள் ஊர் ஊராகப் போய் டீ போட்டுக் காட்டின, இலவசமாக ஊற்றின. போர்க்காலத்தில் ஆலை கேன்டீன்கள் வழியாக டீ நுழைந்தது: களைப்பு நீங்கும், உற்பத்தி கூடும் என்பது முதலாளிகளுக்குச் சொல்லப்பட்ட மந்திரம். காப்பி தமிழகத்தில் பிராமண நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் டீ உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்ததை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். இலையைச் சுருட்டாமல் நசுக்கிக் கிழித்துத் தூளாக்கும் இயந்திரம் 1930களில் புழக்கத்துக்கு வந்து, சுதந்திரத்துக்குப் பிறகு பரவி, கொஞ்சம் தூளில் நிறைய டம்ளர் என்கிற கணக்கைக் கொண்டுவந்தது. நெய்வேலியின் டீயும் அந்த 'டஸ்ட்' டீதான்.

1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னதைப் பாருங்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்கும்படி அரசு உத்தரவிடலாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் யாரையும் வேலை வாங்கக் கூடாது. அரை மணி ஓய்வு கட்டாயம். இவை தொழிற்சங்கங்கள் போராடி வாங்கிய உரிமைகள், சந்தேகமில்லை. கூடவே, உடல் எப்போது பசிக்க வேண்டும், எப்போது தெம்பு பெற வேண்டும் என்பதைச் சங்கு முடிவு செய்யும் ஒழுங்கும் இதில் அமைந்துவிட்டது. ஆலை யுகத்தில் நேரம் என்பது கழியும் ஒன்றாக இல்லாமல் செலவழிக்கும் ஒன்றாக மாறியதை ஈ.பி. தாம்ப்சன் 1967இல் எழுதினார். நெய்வேலியில் மூன்று ஷிப்ட். முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்கி எழும் பிற்பகல். பள்ளிப் பிள்ளைகள் திரும்பும் நேரம். ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர் கிளம்புமுன் வயிற்றுக்கு எதையாவது போட்டுக்கொள்ளும் பொழுது. இந்த மூன்று நேரங்களும் வந்து முட்டிக்கொள்ளும் சந்திதான் 'நாலு மணி'. அதற்கு அப்பாவின் உடல் ஒரு மணிக்கணக்கு, பிள்ளைகளின் பள்ளி ஒரு மணிக்கணக்கு. இரண்டையும் இணைத்துப் பிடிக்கிற ஆள் அம்மா.

4

மரபைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடுப்பைப் பற்றிப் பேசுவதில்லை. பலகாரத்தின் வரலாறு பாதிக்கு மேல் எரிபொருளின் வரலாறு. நெய்வேலிக்கு இது இரட்டிப்பு உண்மை.

ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1930களில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பது ஊரறிந்த கதை. தமிழ்நாட்டில் கரி கிடையாது. வங்காளம், பீகார் பக்கமிருந்து ரயிலில் வர வேண்டும். அதனால்தான் பழுப்பு நிலக்கரி கிடைத்தது பெரிய விஷயமாயிற்று. ஆனால் அது அடுப்புக்கு லாயக்கில்லாத கரி. கிட்டத்தட்டப் பாதி ஈரம். அதைக் காயவைத்து, அழுத்தி, வாயு நீக்கிக் கட்டியாக்கும் ஆலை ஒன்று 1960களின் நடுவில் எழுந்தது. அந்தக் கட்டிக்குப் பெயர் லெக்கோ. வீட்டு அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரிக்க என்றே தயாரான எரிபொருள். பற்றிக்கொள்ள நேரமாகும், பற்றிவிட்டால் புகையின்றி நின்று எரியும். அந்த ஆலை இப்போது இல்லை. லெக்கோ என்ற சொல்லே அறுபது வயதைத் தாண்டியவர்களோடு போய்விடும் போலிருக்கிறது.

விறகடுப்பு, லெக்கோ, மண்ணெண்ணெய் ஸ்டவ், சிலிண்டர் என்று அடுப்பு மாற மாறப் பலகாரமும் மாறிற்று. அதிரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் ஈரம் வாங்கவிட்டு, ஈரமாகவே இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வர வேண்டும். முந்திப் போனால் எண்ணெயில் பிரிந்துவிடும், பிந்திப் போனால் கல்லாகிவிடும். மாவைப் பிசைந்து ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். பிறகு தட்டி, சுட்டு, எண்ணெய் பிழிய வேண்டும். இரண்டு பெண்களாவது வேண்டும். மூன்று நாள் வேண்டும். நிறைய விறகு வேண்டும். பஞ்சாங்கத்துக்குச் சரி, சங்குக்குச் சரிப்படாது. நாலு மணிக்குப் பிழைத்தவை எவை? கேசரி, ரவா உருண்டை, பொட்டுக்கடலை மாவுருண்டை, மைதாவைக் கட்டம் கட்டமாக வெட்டிப் பொரிக்கிற 'மைதா பிஸ்கட்', தேங்காய் பர்பி. அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் முடிகிறவை. ஒரே ஆள் செய்யக்கூடியவை.

ஒரே ஆள் என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்திலிருந்தும் தெருவிலிருந்தும் பிய்த்தெடுத்து, நான்கு சுவருக்குள் ஒரு கணவன், ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று அடுக்கிய இடம்தான் நகரியம். அண்டைவீட்டுக்காரர் வேறு மாவட்டம், வேறு மாநிலம், வேறு பாஷை. இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: மாமியாரின் கண்காணிப்பு இல்லை, பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மாவிடம் அவலும் வெல்லமும் கலக்கக் கற்றுக்கொள்ளலாம், தெலுங்கம்மாவுக்கு எள்ளுருண்டை சொல்லித் தரலாம். கெட்ட பக்கம்: உலக்கையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை.

5

இப்போது 'எளிய' என்கிற சொல்லுக்கு வருவோம்.

1956 இன்னொரு வகையிலும் நம் விஷயத்துக்கு முக்கியமான ஆண்டு. எடை, அளவுத் தரப்படுத்தல் சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சேரும் வீசையும் பலமும் ஆழாக்கும் சட்டத்தின் கண்ணில் செத்தன. கிலோவும் லிட்டரும் பிறந்தன. அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 1951இல், மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வெளியாயிற்று. தாயிடமிருந்து தூரமாய் வந்துவிட்ட பெண்களுக்கு அச்சில் ஒரு தாய். இந்த இரண்டு போக்கும் சந்திக்கும் இடத்தில் பிறந்த குழந்தைதான் 'கப்' கணக்கு. அதன் உச்சம் 'செவன் கப்': கடலை மாவு, தேங்காய், பால், நெய் ஒவ்வொரு கப், சர்க்கரை மூன்று கப். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கிளறு, சுருண்டு வந்ததும் கொட்டு, வெட்டு. எண்ணத் தெரிந்தால் போதும்.

இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது பதம். கம்பிப் பதம், உருட்டுப் பதம், முத்துப் பதம். விரல் நுனிக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டுமே தெரிந்த அறிவு. எழுத்தில் அடங்காதது. 'எவ்வளவுங்க போடணும்?' என்று கேட்டால் 'கண்ணளவுதான்' என்று பதில் வரும். பதத்தின் இடத்தில் அளவு வந்ததை அறிவுப் பறிமுதல் என்று படிக்கலாம். பட்டறைக் கைவினைஞனின் விரலில் இருந்த அறிவை ஆலை அட்டவணையாக எழுதி எடுத்துக்கொண்டதும், பாட்டியின் விரலில் இருந்ததைச் சமையல் குறிப்பு எழுதி எடுத்துக்கொண்டதும் ஒரே வகைக் காரியம்.

ஆனால் இந்த வாசிப்போடு நின்றுவிட்டால் நாமும் கைமணக் கோஷ்டியில் சேர்ந்துவிடுவோம். பதம் வெறும் அறிவு மட்டுமல்ல; அது அதிகாரமாகவும் இருந்தது. பதம் தெரியாத மருமகளை வாய்க்கு வந்தபடி பேசுகிற உரிமை அதிலிருந்துதான் வந்தது. 'தீட்டு' நாளில் பலகாரச் சட்டிப் பக்கம் வராதே என்பதும் அதே பதத்தின் சாஸ்திரம்தான். அளவு வந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற ஜனநாயகம் கோட்பாட்டளவிலாவது பிறந்தது. ஆண்கூடச் செய்யலாம். ஏன் செய்யவில்லை என்பதுதான் கேள்வி.

சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1952 சுரங்கச் சட்டம் பெண்களைப் பூமிக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. மேலே என்றால் காலை 6 முதல் மாலை 7 வரை மட்டும். தொழிற்சாலைச் சட்டத்திலும் அதே வேலி. பாதுகாப்பு என்கிற பெயரில் வந்த விலக்கு. ஷிப்ட் சுழலும் ஊரில் ராத்திரி ஷிப்ட் பார்க்க முடியாத உடல் முழுத் தொழிலாளி ஆக முடியாது. 2019இல்தான் நிபந்தனைகளோடு இந்தத் தடை தளர்த்தப்பட்டது. அறுபது ஆண்டுக் காலம் நெய்வேலியின் நாலு மணிச் சமையலறையில் ஒரு பெண் நின்றிருந்தாள் என்றால், அது இயல்பாலோ அன்பாலோ மட்டும் நடந்ததல்ல. கெஜட்டும் ஒரு காரணம். ஆணின் எட்டு மணி நேரத்துக்குச் சம்பளப் பட்டியல் உண்டு, போனஸ் உண்டு. அந்த எட்டு மணி நேரத்தைத் தாங்கி நின்ற அடுப்படி வேலைக்குப் பெயரே 'எளிய வீட்டு இனிப்பு'. எளியது என்று சொல்லிவிட்டால் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

6

கதவுக்கு வெளியே போவோம்.

தமிழகத்து டீக்கடை ஒரே நேரத்தில் இரண்டாக இருந்தது. சாதி பார்க்காமல் காசு கொடுத்தவனுக்கு டீ என்கிற நவீன இடம். அங்கேயே இரட்டைக் குவளை. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டத்துக்குப் பிறகும் குவளைகள் இரண்டாகவே தொங்கின. தீண்டாமை எங்கெங்கு எப்படி நீடிக்கிறது என்று நாடு முழுக்கப் பார்த்து 1969இல் அறிக்கை தந்த குழுவின் தலைவர் இதே தென்னார்க்காட்டுக் காட்டுமன்னார்கோயில்காரர், எல். இளையபெருமாள். சென்னை முரளி கபேயில் 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியாரின் தோழர்கள் மறியல் நடத்தி அணி அணியாகச் சிறைக்குப் போனது 1957இல். நெய்வேலியில் சுரங்கம் தொடங்கிய அதே ஆண்டு. ஆலைக் கேன்டீனின் ஒரே மாதிரியான டம்ளருக்கு இந்தப் பின்னணியில் ஒரு மதிப்பு உண்டு. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சேரியிலிருந்தும் ஊரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டீயைக் குடித்தார்கள். ஆனால் கேன்டீன் பொது, பலகாரம் வீடு. ஒரே பெஞ்சில் டீ குடித்த இருவரின் வீடுகளுக்கிடையே தட்டு போய்வந்ததா என்று கேட்டால்தான் 'வீட்டு இனிப்பு' என்பதில் உள்ள 'வீடு' எவ்வளவு உயரமான மதில் என்பது தெரியும். வாங்கிக்கொள்கிற கை, கொடுக்கிற கை, 'இல்லிங்க, இப்பதான் சாப்பிட்டோம்' என்று நாசூக்காக மறுக்கிற வாய். தீண்டாமை இரட்டைக் குவளையாக மட்டும் இருப்பதில்லை. தொடப்படாத தட்டாகவும் இருக்கிறது.

இன்னொரு மதில் ஒப்பந்த முறை. நிரந்தரத் தொழிலாளிக்கு வீடு, மருத்துவமனை, பள்ளி, கேன்டீன். பக்கத்திலேயே அதே மண்ணை வெட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு நகரியத்துக்குள் வீடு கிடையாது. பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராட்டம். 2014 மார்ச்சில் இரண்டாம் சுரங்க வாயிலில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துப் பலர் இறந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் அடக்கம். இவர்களுடைய நாலு மணி கேட்டுக்கு வெளியே, தள்ளுவண்டியில், நின்றுகொண்டே. அந்தத் தள்ளுவண்டியில் டீ ஆற்றுகிறவர் யார்? நிலம் கொடுத்த ஊர்க்காரராக இருக்கவும் கூடும்.

நிலம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வாங்கும் பருவத்து நெல்லின் மீது இயந்திரங்கள் இறங்கின. சுரங்கம் காய்ந்திருக்க வேண்டுமென்றால் நிலக்கரிக்கு அடியிலுள்ள அழுத்த நீரை இடைவிடாமல் இறைக்க வேண்டும். எந்தத் தண்ணீரைத் தேடிக் கிணறு தோண்டியபோது நிலக்கரி அகப்பட்டதோ அந்தத் தண்ணீரை இப்போது நிலக்கரிக்காக வெளியேற்றுகிறார்கள். சுற்று வட்டாரத்தில் போர் ஆழமாகிக்கொண்டே போகிறது. மின்சாரம் தென்மாநிலங்களுக்கெல்லாம் போகிறது. மிக்ஸி ஓடுகிறது, மாவு அரைபடுகிறது, 'எளிய' பலகாரம் இன்னும் எளிதாகிறது.

டீத் தூளுக்கும் இதே கதை. 1948இல் இலங்கை அரசு தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலை பறிக்கவே போனார்கள். நம் டம்ளரில் சர்க்கரைக்கு ஒரு கப்பல், தேயிலைக்கு ஒரு கப்பல். இரண்டிலும் ஏறியவர்கள் நம் ஜனங்கள்.

நெய்வேலிக்குக் கூப்பிடு தூரத்தில் வடலூர். 1867இல் வள்ளலார் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள். ஒரே வட்டாரத்தில் இரண்டு அணையா அடுப்புகள். ஒன்று பசித்தவரின் சாதியைக் கேட்பதில்லை. இன்னொன்று கொதிகலன், அது யாருடைய நிலம், யாருடைய உடல் என்று கேட்பதில்லை.

7

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'அப்ப நாலு மணிக்கு என்னதான் பண்றது?' என்று கேட்டால் பதில் இல்லாமல் நழுவுவது கோட்பாட்டுக் கட்டுரைகளின் பழைய வியாதி. தேர்வு செய்வோம். தேர்வுக்கு நான்கு கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆள் எவ்வளவு நேரம் அடுப்பின் முன் நிற்க வேண்டும்? பதம் தெரியாத கையும் செய்ய முடியுமா? சுற்று வட்டார விவசாயிக்குக் காசு போகுமா? தட்டை யாரிடமும் நீட்ட முடியுமா?

மல்லாட்டை உருண்டை முதலிடம் பெறுகிறது. பாகு வேண்டாம். மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கி, இரண்டு பங்குக்கு ஒரு பங்கு வெல்லம் சேர்த்து இடித்தால் அதன் எண்ணெயிலேயே உருண்டை பிடிக்க வரும். எள்ளுருண்டையும் அப்படியே, ஆனால் எள்ளைக் கல் போகக் களைந்து வறுக்கப் பொறுமை வேண்டும். பொட்டுக்கடலையைப் பொடித்து நாட்டுச் சர்க்கரை கலந்து, காய்ச்சிய நெய்யைச் சூடாக ஊற்றிப் பிடிக்கலாம். அடுப்பு வேலை நெய் உருகும் நேரம்தான். அவலை நனைத்து வெல்லமும் தேங்காய்த் துருவலும் கலந்தால் அடுப்பே வேண்டாம். கேவுரு மாவைப் பிசிறி ஆவியில் வேகவைத்து வெல்லம், தேங்காய் சேர்த்த புட்டு வயிற்றுக்கும் நிற்கும். கேசரி வேண்டாமென்றில்லை, ஆனால் கட்டி தட்டாமல் கிளற ஒரு ஆள் முழு நேரமும் நிற்க வேண்டும், ரவைக்கு இரண்டு மடங்கு சர்க்கரை விழும். அதிரசத்தைப் பஞ்சாங்கத்துக்கே விட்டுவிடலாம். இடிக்க இரண்டாவது ஆள் ஆண் என்றால் நாலு மணிக்கும் கொண்டுவரலாம்.

இனிப்பு தட்டில் இருக்கும்போது டம்ளரில் சர்க்கரையைக் குறைப்பது நல்லது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு 2023இல் சொன்னது. ஒரு காலத்தில் தெம்பாக விற்கப்பட்டது இன்று உடலிலிருந்து வட்டியோடு வசூலாகிறது.

கடைசியாக ஒன்று. இது நம்மைப் பற்றியது. இலக்கியக் கூட்டங்கள், வாசகர் வட்டங்கள், தோழர் வீட்டு மாடியில் நடக்கும் விவாதங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நாலு மணி உண்டு. விளிம்புநிலை பற்றிய கட்டுரை பாதி படிக்கப்பட்டிருக்கும்போது உள்ளிருந்து டீ வரும், தட்டு வரும். படிப்பது ஒரு நிமிஷம் நிற்கும். தட்டைக் கொண்டுவந்தவர் கூட்டத்தில் உட்கார மாட்டார். டம்ளர்களை எண்ணிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவருக்கு அந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. 'தோழரோட வீட்ல பிரமாதமா உருண்டை பண்ணுவாங்க' என்பது நன்றியறிதல் ஆகிவிடுகிறது.

மாற்றுவதற்குப் புரட்சிவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கட்டுரை படிக்கிறவர் முந்தின நாள் ராத்திரி அரைக் கிலோ மல்லாட்டையை வறுத்துத் தோல் ஊதி, வெல்லம் தட்டி, உரலிலோ மிக்ஸியிலோ இடித்து உருண்டை பிடித்துக்கொண்டு வரட்டும். விமர்சனம் சொல்கிறவர் டீ போடட்டும். டம்ளரைத் தலைமை வகிக்கிறவர் கழுவட்டும். முதல் தடவை உருண்டை உதிரும். பரவாயில்லை, அளவு தெரிந்தவர்கள் ஏராளமாக இருக்கிறோம், பதத்துக்கு விரல் பழக வேண்டும்.